எழுபத்தைந்து வயது அரசருக்கு முப்பது வயது முகம்: பார்த்தவர்கள் சிரிக்கவில்லையா?

கேள்வி கேட்டவர்: நிழற்கோடு

வணக்கம். பென்சில் ஓவியம் கற்றுக்கொண்டிருக்கிறேன். உயிருள்ள ஆட்களை உட்காரவைத்து வரைந்தால் அசைந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதால், பழைய ரோமானியச் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்து முகம் வரைந்து பழகுகிறேன். அப்படி வந்த சந்தேகம் இது.

ரோமின் முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தலையை வெவ்வேறு அருங்காட்சியகப் படங்களிலிருந்து வரைந்தேன். எல்லாம் ஒரே முகம். நெற்றியில் விழும் முடிக்கற்றைகள்கூட அதே இடத்தில் கவட்டை போலப் பிரிகின்றன, பக்கத்திலேயே இடுக்கி போல உள்பக்கம் வளைகின்றன. வயது மட்டும் எதிலும் ஏறவே இல்லை. மனிதர் கி.மு. 63இல் பிறந்து கி.பி. 14இல் இறந்தவர். சாகும்போது எழுபத்தாறை நெருங்கிவிட்டார். சிலைகளில் பார்த்தால் முப்பதைத் தாண்டாத இளைஞர்.

எல்லோருக்கும் தெரிந்த பிரிமா போர்ட்டா சிலையையே எடுத்துக்கொள்வோம். 1863இல் அவருடைய மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் கிடைத்தது, இப்போது வாட்டிகனில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். வலது கையைத் தூக்கிப் படைக்கு ஏதோ சொல்கிறார். மார்பில் கவசம், ஆனால் காலில் செருப்பு இல்லை. காலடியில் டால்பின் மேல் ஒரு குழந்தை. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

அப்புறம் ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் படித்தேன்: பற்கள் சிறியவை, இடைவெளி விட்டவை, கெட்டுப்போனவை; புருவங்கள் இரண்டும் கூடியவை; ஆள் உயரம் குறைவு, அதனால் செருப்பின் அடியைச் சற்று உயர்த்திப் போட்டுக்கொள்வாராம்!

என் கேள்வி: இது பொய் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியாதா? அதற்கு முந்தைய தலைமுறை ரோமானியர்கள் சுருக்கம், வழுக்கை, தொங்கும் கன்னம் எல்லாவற்றையும் அப்படியே கல்லில் வெட்டிக்கொண்டவர்கள். அந்த ஊரில் இந்த மொழுமொழு முகத்தை வைத்து எப்படி அதிகாரம் செலுத்த முடிந்தது? அழகான முகத்தைப் பார்த்தால் பயம் வருமா என்ன?

—

பதில்: களிமண்கை

உருவச்சிலை செய்வது என் தொழில். பெரும்பாலும் மார்பளவு, எப்போதாவது முழு உருவம். தலைவர்கள், நிறுவனர்கள், குடும்பத்துப் பெரியவர்கள் என்று யார் யாரோ என் களிமண்ணில் வந்து போயிருக்கிறார்கள். வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் பாதி என் பட்டறைக் கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். பார்ப்பவர் சிலையையும் ஆளையும் ஒப்பிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ஸ்பெயினிலிருந்து சிரியா வரை பரந்து கிடந்த பேரரசு அது. அகஸ்டஸை நேரில், பல் தெரியும் தூரத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மற்றவர்களுக்கு அவர் முகம் என்பதே நாணயத்தில் இருந்ததும் சந்தையடியில் நின்றதும்தான். ஒப்பிட்டார்கள் என்றால் ஒரு சிலையை இன்னொரு சிலையோடு ஒப்பிட்டார்கள். அங்கே நீங்கள் கவனித்த முடிக்கற்றை வேலை செய்கிறது.

அதை நீங்கள் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. பலர் முகத்தைப் பார்த்துவிட்டு முடியை விட்டுவிடுவார்கள். ரோமில் ஒரு மூல வடிவம் செய்து, அதன் பிளாஸ்டர் அல்லது களிமண் படிகளை மாகாணங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அங்கங்கே உள்ள சிற்பி அதைப் பார்த்து உள்ளூர்க் கல்லில் வெட்டுவான். இப்படிப் படி எடுக்கும்போது கன்னம், உதடு போன்ற மெத்தென்ற பரப்புகள் கைக்குக் கை மாறிவிடும். ஒரு சிற்பியின் கையில் உதடு தடிக்கும், இன்னொருவன் கையில் தாடை கூராகும். முடிக்கற்றை அப்படி மாறாது. எங்கே பிரிகிறது, எத்தனை கற்றை, எந்தப் பக்கம் வளைவு என்று எண்ணி, அளந்து வெட்டலாம். மாகாணத்துச் சிற்பி சுமாரானவனாக இருந்தாலும் நெற்றிக் கவட்டையைச் சரியாக வைத்துவிட்டான் என்றால் அது அகஸ்டஸ்தான். இருநூறுக்கும் மேற்பட்ட தலைகள் இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றை அடையாளம் காண ஆய்வாளர்களும் நெற்றி முடியைத்தான் பார்க்கிறார்கள்.

மூப்பு ஏன் ஏறவில்லை என்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. ஆளுக்கு வயதாக ஆக முகத்தை மாற்றிக்கொண்டே போனால், பத்து வருடத்துக்கு முன் ஒரு நகரத்தில் நிறுத்திய சிலையும் இன்று வேறு நகரத்தில் நிறுத்துவதும் வேறு வேறு ஆள் போல ஆகிவிடும். நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்ட மனிதர். முகம் நிலைத்தது, ஆட்சியும் நிலைத்தது என்று பார்ப்பவன் மனதில் பதியும். இதை யாராவது உட்கார்ந்து திட்டமிட்டார்களா, தானாக அமைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பலன் அதுதான்.

பயம் வருமா என்று கேட்டீர்கள். ஒரு தலையைப் பற்றிச் சொல்கிறேன். எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில், மெரோவே என்ற பழைய நகரத்தில் 1910இல் அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானிய எகிப்தின் எல்லையில் புகுந்து தாக்கிய குஷ் நாட்டுப் படை, ஏதோ ஒரு சிலையிலிருந்து தலையை மட்டும் வெட்டிக் கொண்டுபோயிருக்கிறது. கொண்டுபோய் ஒரு கோயிலின் படிக்கட்டுக்குக் கீழே புதைத்துவிட்டார்கள். கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் ரோமானியச் சக்கரவர்த்தியின் தலையை மிதித்துக்கொண்டு ஏறவேண்டும். வெறும் அலங்காரப் பொருள் என்று நினைத்திருந்தால் இவ்வளவு சிரமப்பட்டிருப்பார்களா? புதைத்து வைத்ததால்தான் அதன் பதித்த கண்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்தக் கண்களின் படத்தைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். பளிங்குத் தலைகளில் கண் வெறுமையாகத் தெரிவதால் நாம் அவற்றைச் சாந்தமான முகம் என்று நினைத்துக்கொள்கிறோம். பளிங்கிலும் அப்போது வண்ணம் தீட்டியிருந்தார்கள், பிரிமா போர்ட்டா சிலையிலேயே வண்ணத் தடயம் உண்டு. வண்ணம் போய்விட்டது, பார்வையும் அதோடு போய்விட்டது.

இனி என் பட்டறைக்கு வருகிறேன். அழகாக்குவது என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வது களிமண்ணில் மிகக் குறைந்த வேலை. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை விரலால் ஒரு தேய்ப்பு. கண்ணுக்குக் கீழே உள்ள பையைச் சற்று எடுப்பது. தாடைக் கோட்டைக் காதுவரை தெளிவாக இழுப்பது. அவ்வளவில் இருபது வயது குறைந்துவிடும். கடினமான வேலை அப்புறம்தான் வருகிறது: ஆள் எங்கே பார்க்கிறார்?

ஒருமுறை ஒரு விழாக்குழு ஒரு தலைவரின் சிலைக்கு வந்தது. கொடுத்த புகைப்படங்கள் எல்லாம் அவர் எழுபது வயதில் எடுத்தவை. கேட்டதோ ஐம்பது வயது முகம். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை, வாரம் ஒரு முறை எல்லோரும் கேட்பதுதான். மாதிரியைப் பார்க்க வந்தபோது, கண்ணாடியை எடுத்துவிடுங்கள் என்றார்கள், எடுத்தேன். தாடையை இன்னும் தூக்குங்கள், கம்பீரம் போதவில்லை என்றார்கள். அங்கேதான் சண்டை வந்தது. பட்டறையில் சிலையின் கண் உங்கள் கண்ணுக்கு நேரே நிற்கிறது. அதே சிலை ஆளுயரத்துக்கும் மேலான பீடத்தில் ஏறினால் நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பீர்கள். தாடை ஏற்கெனவே தூக்கியிருந்தால் கீழிருந்து தெரிவது மூக்குத்துளையும் கழுத்தும் மட்டும். உயரத்தில் நிற்கப்போகும் தலையை நாங்கள் கொஞ்சம் முன்னால் சாய்த்து, நெற்றியைக் கொஞ்சம் நீட்டிச் செய்வோம். பட்டறையில் அது குனிந்தது போல இருக்கும், மேலே போனதும் நேராகும். குழுவுக்கு அதைப் புரியவைக்க ஒரு மேசை மேல் ஏற்றி, அவர்களைத் தரையில் உட்காரவைத்துக் காட்டவேண்டி வந்தது. ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் ஒருவர் கடைசிவரை முணுமுணுத்தார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அதிகாரத்தின் பெரும்பகுதி இந்தக் கோணத்தில் இருக்கிறது. பார்வை உங்கள் மேல் விழக்கூடாது, உங்களைத் தாண்டிப் போகவேண்டும். நீங்கள் அவரைப் பார்க்கலாம், அவர் உங்களைப் பார்ப்பதில்லை. எகிப்திய அரசர் கஃப்ரேயின் சிலையில் இது உச்சம். கி.மு. 2500 வாக்கில் செய்தது. அகஸ்டஸைப் போல கையைத் தூக்கி எதுவும் சொல்வதில்லை. கை உடம்போடு ஒட்டியிருக்கிறது, கால் ஆசனத்தோடு ஒட்டியிருக்கிறது, உடைந்துபோக நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. தலைக்குப் பின்னால் ஹோரஸ் தெய்வம் பருந்து வடிவில் சிறகு விரித்து அணைத்திருக்கிறது. நேர் எதிரே நின்றால் அது உங்களுக்குத் தெரியாது, பக்கவாட்டில் போனால்தான் தெரியும். அதைச் செய்த கல் இரும்புக்கே சவால் விடும் கல். அவர்களிடம் இருந்தது செம்பு உளி. கெட்டியான கல் உருண்டையால் இடித்து இடித்து, மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கன்னத்தின் வழுவழுப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொலைதூர நூபியப் பாலைவனத்திலிருந்து இழுத்து வந்த கல் வேறு. விஷயம் தெரிந்தவனுக்கு முகத்தைவிட அந்த வழுவழுப்புதான் மிரட்டும்.

—

பதில்: பழையஏடு

களிமண்கை ஐயா சொன்னதில் எனக்கு உடன்பாடு. ஒரு சின்ன இடத்தில் மட்டும் வேறு பக்கமாக இழுக்கிறேன்.

இளமை மட்டும்தான் இலட்சிய முகம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நிழற்கோடு குறிப்பிட்ட அந்தச் சுருக்கம் விழுந்த குடியரசுக் கால முகங்களும் உண்மையை அப்படியே காட்டியவை என்று சொல்லிவிட முடியாது. செனட்டில் உட்கார வயது வேண்டும், அனுபவம் வேண்டும், போர்க்களம் பார்த்திருக்கவேண்டும். சுருக்கம் அங்கே ஒரு தகுதிச் சான்றிதழ். இல்லாத சுருக்கத்தைக்கூடச் சேர்த்திருக்கலாம் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அகஸ்டஸோ பத்தொன்பது வயதில் அரசியலுக்குள் வந்தவர். சுருக்கப் போட்டியில் அவரால் ஜெயிக்கமுடியாது. அதனால் கிரேக்கப் பக்கம் திரும்பினார். பிரிமா போர்ட்டா சிலையின் நிற்கும் விதம் கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸ் செய்த ஈட்டி ஏந்தியவன் சிலையை ஒட்டியது, கி.மு. 5ஆம் நூற்றாண்டு உடம்பு. வெறுங்கால் தெய்வங்களுக்கும் வீரபுருஷர்களுக்கும் உரியது. டால்பின் மேல் இருப்பது கியூபிட், அதாவது வீனஸ் தேவியின் மகன்; வீனஸ் எங்கள் குலத்தின் மூதாய் என்று சொல்லிக்கொண்ட குடும்பம் அது. கவசத்தின் நடுவில், ரோமின் கிழக்கு எதிரியான பார்த்திய நாட்டுக்காரன் ஒருவன் ரோமானியப் படைக்கொடியைத் திருப்பித் தருகிறான். கி.மு. 53இல் ரோமானியத் தளபதி கிராசஸ் கர்ஹே போரில் அவர்களிடம் தோற்று இழந்த கொடிகளை கி.மு. 20இல் சண்டை போடாமல் பேச்சுவார்த்தையில் மீட்டார்கள். பேச்சுவார்த்தையின் பலனைக் கவசத்தில் போட்டுக்கொண்டது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கொஞ்சம் தள்ளி வெஸ்பாசியனைப் பாருங்கள். சக்கரவர்த்தி நீரோ கி.பி. 68இல் செத்தார், அடுத்த வருடம் நான்கு சக்கரவர்த்திகள், கடைசியில் அறுபதை நெருங்கிய வெஸ்பாசியன். அவருடைய தலைகள் பலவற்றில் வழுக்கை, நெற்றிக்கோடு, இறுக்கி மூடிய வாய். அந்த வாயைப் பற்றியும் சூட்டோனியஸ் ஒரு கதை சொல்கிறார். எப்போதும் முக்கிக்கொண்டிருப்பது போன்ற முகபாவமாம். என்னைப் பற்றியும் ஒரு பகடி சொல் என்று ஒரு நகைச்சுவைக்காரனிடம் கேட்டபோது, தாங்கள் போய் முடித்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன் என்றானாம். ஆக, ஆளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கிறார். ஆனால் அதை மறைக்காமல் பரப்பியதில் கணக்கு இருக்கிறது. சுருள் முடியும் கொழுத்த கன்னமுமாக இருந்த நீரோவுக்குப் பிறகு, இந்த வழுக்கைதான் இனி ஒழுங்கு திரும்பும் என்று சொல்லும் முகம்.

எகிப்திலும் உண்டு. மூன்றாம் செனுஸ்ரெத், கி.மு. 19ஆம் நூற்றாண்டு. இமை கனத்துத் தொங்குகிறது, கன்னம் வற்றியிருக்கிறது, காது இரண்டும் பெரிதாக வெளியே நிற்கின்றன. கழுத்துக்குக் கீழே பார்த்தால் கட்டுமஸ்தான வாலிப உடம்பு! முகம் குடிமக்களுக்காகக் கவலைப்படுகிறது, உடம்பு தெய்வத்தன்மையோடு இருக்கிறது என்று பிரித்துப் படிக்கலாம். ரோமானியர்களும் சக்கரவர்த்தி கிளாடியஸை ஜூபிடர் தெய்வமாகச் செய்தபோது இதையேதான் செய்தார்கள்: கவலை தோய்ந்த முதிய தலை, அதற்குக் கீழே தேவலோக மார்பு. வாட்டிகனில் இருக்கிறது. எனக்கு அது ஒட்டவே இல்லை. ரோமானியர்களுக்கு உறுத்தவில்லை, தலை ஆளைச் சொல்லும், உடம்பு பதவியைச் சொல்லும் என்று தனித்தனியாக வாசித்திருக்கிறார்கள்.

சுமார் கி.பி. 300இல் ஆளையே விட்டுவிட்டார்கள். வெனிஸில் புனித மாற்கு தேவாலய மூலையில் செந்நீலப் பாறையில், பேரரசைச் சேர்ந்து ஆண்ட நான்கு அரசர்கள், இருவர் இருவராகக் கட்டியணைத்து நிற்கிறார்கள். ஒரே உயரம், ஒரே தொப்பி, ஒரே முறைப்பு. ஜோடிக்கு ஒருவருக்குத் தாடி, அதுதான் வித்தியாசம். யார் யார் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபடி செய்ததே நோக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நால்வரில் ஒருவன் செத்தால் அதே இடத்தில் இன்னொருவன், ஆட்சி நடந்துகொண்டே இருக்கும்.

—

பதில்: எதிர்வாதி

இவ்வளவு படித்த ஆட்கள் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிலையால் அதிகாரம் வந்தது என்று நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. படை இருந்தது, தானியம் இருந்தது, வரி வந்தது. சிலை அதன் மேல் வைத்த பூ. அதிகாரம் போனபின் அதே சிலையால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இத்தாலியச் சிற்பி கனோவா நெப்போலியனுக்குச் செய்த சிலையைப் பாருங்கள். அமைதி தரும் போர்க்கடவுள் மார்ஸ் என்று பெயர். 3.45 மீட்டர் உயரம், பளிங்கு, உடம்பில் துணி கிடையாது. அகஸ்டஸ் வழியில் நூற்றுக்கு நூறு இலட்சிய உடம்பு. 1811இல் நெப்போலியன் பார்த்தார், இவ்வளவு மல்யுத்தக்காரன் உடம்பா என்று சங்கடப்பட்டு, யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாட்டர்லூவுக்குப் பிறகு 1816இல் பிரிட்டிஷ் அரசு அதை வாங்கி, அவரைத் தோற்கடித்த வெல்லிங்டனுக்கே கொடுத்தது. இன்றும் லண்டனில் வெல்லிங்டன் வீட்டு மாடிப்படிக் கூடத்தில் நிற்கிறது. இலட்சிய உடம்பு யாரைக் காப்பாற்றியது?

வாஷிங்டனுக்கு நடந்தது இன்னும் மோசம். கிரீனோ என்ற அமெரிக்கச் சிற்பி அவரை ஒலிம்பியாவின் ஜீயஸ் போல, இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், ஒரு கையை வானத்தைக் காட்டி உட்காரவைத்தார். 1841இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. குளிக்கப் போகிறவர் துணியைத் தேடுகிறார் என்கிற ரகத்தில் ஊரே சிரித்தது. சீக்கிரமே வெளியே தள்ளினார்கள். அதே வாஷிங்டனை அதற்கு முன்பே பிரெஞ்சுச் சிற்பி ஹூடோன் செய்திருந்தார்: 1785இல் வீட்டுக்கே போய், முகத்தில் நேரடியாக அச்சு எடுத்து, படைச் சீருடையில், லேசான தொப்பையோடு, ஆளின் அசல் உயரத்தில். ரிச்மண்டில் இருக்கும் அந்தச் சிலையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே நிழற்கோடு கேட்ட கேள்விக்கு என் பதில்: சிரித்திருப்பார்கள். சத்தம் போட்டுச் சிரித்திருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

—

பதில்: நிழற்கோடு (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மெரோவே தலையின் கண்களைப் பார்த்தேன், இரவில் பார்த்திருக்கக்கூடாது.

எதிர்வாதி சொன்னதில் எனக்கு ஒன்று தோன்றியது. ஹூடோனின் வாஷிங்டனும் சும்மா நிற்கவில்லையே? படம் எடுத்துப் பார்த்தேன். இடது கை சாய்ந்திருப்பது பதின்மூன்று கம்புகளைக் கட்டிய ஒரு கட்டின் மேல், பதின்மூன்று மாநிலங்களாம். பின்னால் கலப்பை. அதிகாரத்தை விட்டுவிட்டு உழவுக்குத் திரும்பிய மனிதர் என்று சொல்கிறது. அதுவும் ஒரு வேஷம்தான், தொப்பையோடு போட்ட வேஷம்.

இன்னொரு கேள்வி. நம் பக்கத்து அரசர் சிலைகளில் முகமே பெரிதாகப் படுவதில்லை. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் மேலே பெயர் வெட்டியிருக்காவிட்டால் அது மகேந்திரன் என்று எனக்குத் தெரிந்திருக்காது. முகம் இல்லாமல் அதிகாரம் எப்படி?

—

பதில்: பழையஏடு

நல்ல கேள்வி. இதற்கு மிகச் சுருக்கமான பதில் மதுரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் சிலை, பக்கத்தில் மாட் என்ற இடத்தில் கிடைத்தது, தலையே இல்லை. மிஞ்சியிருப்பது கனமான அங்கி, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் முரட்டு பூட்ஸ், ஒரு கையில் கதாயுதம், மறு கையில் வாள். அங்கியின் மேலேயே பிராமி எழுத்தில் மகாராஜா ராஜாதிராஜா தேவபுத்திர கனிஷ்கர் என்று வெட்டியிருக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து வந்த குதிரைக்காரர் உடையை வெயில் நாட்டிலும் கழற்றவில்லை. நான் வெளியிலிருந்து வந்து உங்களை ஆள்கிறவன் என்பதற்கு அந்த பூட்ஸ் போதும், தலை எதற்கு?

தெற்கே வந்தால் வேறு வழி. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவியரோடு வெண்கலத்தில் கைகூப்பி நிற்கிறார். மதுரை புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் வரிசையாக நிற்கிறார்கள், திருமலை நாயக்கரும் உண்டு. தொப்பையைச் சிற்பி மறைக்கவில்லை, கையோ கூப்பியிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பணிவு. கொஞ்சம் யோசித்தால், சாமியின் முன்னால் என்றென்றைக்கும் முதல் வரிசையில் நிற்கும் உரிமையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும். நாம் எல்லோரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், அவர் போகமாட்டார். அகஸ்டஸ் தூக்கிய கையும் நாயக்கர் கூப்பிய கையும் செய்யும் வேலை ஒன்றுதான் என்பது என் கட்சி. எதிர்வாதி சண்டைக்கு வரலாம்.

—

பதில்: களிமண்கை

எதிர்வாதிக்குத் தொழில் பக்கத்திலிருந்து ஒரு பதில். அதிகாரம் போனபின் சிலையால் ஒன்றும் ஆகாது என்பது சரி. ஆனால் புதிதாக வந்தவர் பழைய சிலையை என்ன செய்தார் என்று பாருங்கள். பல இடங்களில் உடைத்துப் போடாமல், முகத்தை மட்டும் மாற்றினார்கள். எகிப்தில் இரண்டாம் ராம்செஸ் முன்னோர் சிலைகள் பலவற்றில் தன் பெயரை வெட்டிக்கொண்டார். ரோமில் நீரோவின் தலைகளைச் செதுக்கி வெஸ்பாசியன் ஆக்கினார்கள். பூ என்றால் வாடினதும் எறிந்துவிடலாமே, எதற்கு இவ்வளவு பாடு?

கல்லில் கழிக்கலாம், கூட்ட முடியாது. நீரோவுக்கு கன்னமும் முடியும் தாராளம் என்பதால் உள்ளே போகப் போக வெஸ்பாசியனுக்கு இடம் கிடைத்தது. ஒல்லியான ஆளைத் தடித்த ஆளாக மாற்றச் சொல்லியிருந்தால் சிற்பி ஓடியிருப்பான். இப்படி மாற்றிய தலைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காது முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாகவும் பின்தள்ளியும் இருக்கும். கழுத்துக்குத் தலை சிறியதாக இருக்கும். பிடரியில் பழைய ஆளின் முடி மிச்சம் இருக்கும், ஏனென்றால் பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

வெண்கலத்தில் இன்னும் நேரடி. மிசேனம் என்ற இடத்தில் ஒரு குதிரைவீரர் சிலை கிடைத்தது, சக்கரவர்த்தி டொமிஷியனுக்காகச் செய்தது. 96இல் அவரைக் கொன்றுவிட்டு அவர் நினைவையே அழிக்க செனட் தீர்மானம் போட்டது. சிலையின் முகப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அடுத்து வந்த நெர்வாவின் முகத்தை வார்த்து ஒட்டிவிட்டார்கள். குதிரை அதே குதிரை, உடம்பு அதே உடம்பு, முன்பக்கம் நெர்வா, பின்னந்தலை டொமிஷியன். பழையஏடு சொன்ன உடம்பு பதவியைச் சொல்லும் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது.

நிழற்கோடு, ஒரே ஒரு யோசனை. நீங்கள் எல்லாத் தலையையும் நேர் எதிரே எடுத்த படத்திலிருந்து வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். அரசர் எந்தப் பக்கத்தைக் காட்ட விரும்பினாரோ அதுதான் அது. பக்கவாட்டுப் படம், பின்பக்கப் படம் எடுத்து வரைந்து பாருங்கள். காது எங்கே உட்கார்ந்திருக்கிறது, பிடரி முடி முன்முடியோடு ஒத்துப்போகிறதா என்று கை தானாகக் கேட்கும். பின்னந்தலையைப் படம் எடுத்துப் போடும் அருங்காட்சியகங்கள் குறைவுதான். வெஸ்பாசியன் தலை ஏதாவது பின்பக்கத்திலிருந்து கிடைத்தால் இங்கே இணைப்புப் போடுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.